ஏழாவது எபிசோடில் வந்த பெண்

கோகிலவாணிக்கு விபத்து நடந்ததை ஊரில் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் மூன்று பேர். அவள் கணவன் ஜெயபிரகாஷ், என் கணவர், நான். ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், காபி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடி பத்தே நிமிடத்தில் எடுத்த முடிவு.

"மாமாவுக்கு பைபாஸ் பண்ணி மூணு மாசம்தாங்க ஆச்சு," என்றான் ஜெயபிரகாஷ், மாமனாரை நினைத்து. அவன் சட்டைக் கையில் காய்ந்த ரத்தம் இருந்தது. "இதக் கேட்டா அவரு தாங்க மாட்டாருங்க."

"இப்ப சொல்லவே சொல்லாதீங்க. முதல்ல இவ கண்ணு முழிக்கட்டும். அப்புறம் பொறுமையா சொல்லிக்கலாம்," என்று சொன்னது நான்.

இங்கே இருப்பவர்களுக்கு இது பழகிப்போன வேலை. டெக்சாஸில் இந்தக் காப்பெல் ஊரில், எங்கள் தெருவிலேயே, வேலை போனதை எட்டு மாதம் வீட்டுக்குச் சொல்லாமல் தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு அப்பாவோடு வீடியோவில் பேசியவர் உண்டு. விவாகரத்தாகி ஒன்றரை வருடம் கழித்தும், பொங்கலுக்கு மட்டும் முன்னாள் கணவனை வரவழைத்துப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறவள் உண்டு. எனக்கு மார்பில் கட்டி எடுத்தது என் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர்களால் உடனே வர முடியுமா, நம்மால்தான் போக முடியுமா? அவர்கள் தூக்கம் கெடும், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொள்வோம். நாங்கள் அனுப்புகிற செய்திகள் எல்லாமே நல்ல செய்திகள்தான்.

கோகிலவாணி சத்தியமங்கலத்துக்காரி. அப்பா மாரிசாமி அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா சாந்தாமணி. தம்பி நஞ்சுண்டன் கடைவீதியில் உரக்கடை வைத்திருக்கிறான். எம்.சி.ஏ. முடித்து கோயமுத்தூரில் இரண்டு வருடம் மென்பொருள் சோதனை வேலை பார்த்தவள், கல்யாணமாகி டெக்சாஸ் வந்ததும் டிபென்டன்ட் விசாவில் வீட்டோடு நின்றுபோனாள். சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி இல்லாத அந்த வருடங்களில் அவள் பார்த்த வேலைக்குக் கணக்கே இல்லை. புதிதாக வந்த பெண்களுக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவள்தான். எனக்கும் அவள்தான். "அக்கா, ஸ்டியரிங்க இப்படிக் கழுத்தப் புடிக்கிற மாதிரிப் புடிக்காதீங்க. அது உங்க மாமியார் இல்ல," என்பாள். தெருவில் பாதிப் பிள்ளைகள் நீச்சலுக்கும் கணக்கு வகுப்புக்கும் அவள் மினிவேனில்தான் போனார்கள்.

வட்ட முகம். மேல்வரிசையில் ஒரு பல் இன்னொன்றின் மேல் லேசாக ஏறி உட்கார்ந்திருக்கும். அம்மாவை அப்படியே உரித்து வைத்த முகம் என்று அவர்கள் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். சாந்தாமணி அம்மாளின் படத்தைப் பார்த்தபோது நானும் அதைத்தான் சொன்னேன்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு அக்டோபர். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிப் பிள்ளையை அதன் வீட்டில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். நூற்று இருபத்தொன்றாம் நெடுஞ்சாலையின் பக்கச் சாலையில், சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் வந்த ஒரு பிக்கப் டிரக் அவள் கதவோடு சேர்த்து இடித்தது. கை, கால், முதுகு, எதுவும் போகவில்லை. முகம் மட்டும் போயிற்று. தாடை நான்கு இடத்தில் உடைந்திருந்தது. மூக்கெலும்பு இல்லை. இடது கண்ணைத் தாங்கும் எலும்பும் இடது காதும் சிதைந்திருந்தன.

பதினான்கு மாதங்களில் ஆறு அறுவைச் சிகிச்சைகள். இடுப்பிலிருந்து எலும்பும், விலாவிலிருந்து குருத்தெலும்பும், தொடையிலிருந்து தோலும் எடுத்தார்கள். முதல் சிகிச்சைக்கு முன் டாக்டர் பழைய போட்டோ கேட்டார். ஜெயபிரகாஷ் போனில் இருந்த நூற்றுக்கணக்கான படங்களைக் காட்டினான். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இதே முகம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், சாப்பிடவும் மூச்சு விடவும் பேசவும் கூடிய ஒரு முகத்தைக் கொடுக்கிறேன் என்றார். சொன்னபடியே கொடுத்தார். ஒடுங்கிய தாடை, சற்றுக் கூரான மூக்கு, நூலளவு கீழே இறங்கிய இடது கண். தெரியாதவர்கள் பார்த்தால் லட்சணமான பெண் என்றுதான் சொல்வார்கள். தெரிந்தவர்களுக்குத்தான் சங்கடம். மகள் வெண்பாவுக்கு அப்போது ஆறு வயது. கட்டுப் பிரித்த அன்று என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பழகிவிடும்.

ஊரில் பழகுவதற்கு நாங்கள் இடமே கொடுக்கவில்லை. தாடையைக் கம்பியால் கட்டியிருந்த ஆறு வாரமும் தொண்டையில் கிருமி, பேசக்கூடாது என்று ஜெயபிரகாஷ் சொல்லிச் சமாளித்தான். பிறகு பேச முடிந்தபோது குரல் மூக்கு வழியாக வந்தது. சளி என்றாள். வீடியோவில் ஏன் வருவதில்லை என்றால் கேமரா ரிப்பேர் என்றாள். நலமான பிறகு ஒரே அடியாகக் காட்டிவிடலாம் என்று எண்ணம். நலமாவதற்கு முன்பே மார்ச் மாதம் மாரிசாமி போய்விட்டார்.

கோகிலாவின் எலும்பு ஒட்டும் சிகிச்சைக்கு இரண்டு நாள் இருந்தது. போக முடியாது. விசா பிரச்சினை என்று சொன்னார்கள். உடலை எடுப்பதற்கு முன் நஞ்சுண்டன் சாவு வீட்டிலிருந்து வீடியோவில் வந்தான். கோகிலா கேமராவை அணைத்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் கூட்டத்திலிருந்து சாந்தாமணி அம்மாள் போனைப் பிடுங்கினார்.

"அம்மிணி, ஒருக்கா மூஞ்சியக் காட்டு. உன்னயப் பாத்தாத்தான் எனக்கு அழுகையே வரும். அப்படியே கல்லாட்டம் உக்காந்திருக்கறேன்."

"கேமரா வேலை செய்யலம்மா."

"மாப்ள போன்ல வா."

"அதுவும்தாம்மா."

அந்த அம்மாள் சற்று நேரம் இருண்ட திரையையே பார்த்தார். பிறகு போனை யாரிடமோ கொடுத்துவிட்டார்.

சிகிச்சைகள் எல்லாம் முடிந்த பிறகும் கோகிலாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை. அப்பா சாவுக்கே முகம் காட்டாதவள் இப்போது என்னவென்று சொல்வது? சனிக்கிழமை காலை, ஊரில் பொழுது சாய்ந்த நேரம், அம்மாவும் மகளும் பேசுவார்கள். குரல் மட்டும். அந்தப் பேச்சும் மெல்லத் தேய்ந்து, சாப்பாடு, மழை, வெண்பாவின் படிப்பு என்று நின்றுபோனது. நேரில் போய் நின்றுவிடலாம் என்றால், பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதி. போனால் சென்னையில் புதிதாக முத்திரை வாங்கித்தான் திரும்ப வேண்டும். "இப்போதைக்கு டிராவல் வேண்டாம்" என்பதைத் தவிர விசா வக்கீல் வேறெதுவும் சொல்வதில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கம்பி கட்டிய நாட்களில் கோகிலா வாய் திறக்க முடியாமல் கொரியன் சீரியல்களாகப் பார்த்துத் தள்ளினாள். பகலில் அவளோடு உட்கார்ந்து நானும் பார்ப்பேன். அதில் ஒன்று, தமிழில் டப்பிங் செய்தது. சியோலில் பணக்காரிகளுக்கு மூக்கும் கன்னமும் திருத்திக்கொண்டிருந்த ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஒரு பெண் துப்பறிவாளரோடு சேர்ந்து குற்றங்களைக் கண்டுபிடிக்கப் போகிறார். மண்டையோட்டிலிருந்து செத்தவர்களின் முகத்தைச் செய்கிறார். பிழைத்தவர்களுக்குப் புதிதாக முகம் கொடுக்கிறார். நான்காவது எபிசோடில், ஆசிட் பட்ட ஒரு பெண் புது முகத்தோடு ஊருக்குப் போய் வாசலில் நிற்கிறாள். அம்மாக்காரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். அந்த இடத்தில் இரண்டு பேரும் அழுதோம். மறுநாள் இரண்டாவது சிகிச்சைக்குச் சேர்த்துவிட்டதால் அதற்கு மேல் பார்க்கவில்லை.

"கோகிலா, அந்த சீரியல உங்கம்மாவப் பாக்கச் சொல்லு," என்றேன். "சர்ஜரின்னா என்ன, முகம் எப்படி மாறும்னு அவங்களுக்கு ஒரு ஐடியா கிடைக்கும். பயம் போயிடும். அப்புறம் சொல்லு."

அவள் கண் மின்னியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். "அக்கா, சூப்பர் அக்கா. அந்த நாலாவது எபிசோடப் பாத்துட்டாப் போதும், எங்கம்மா கரைஞ்சுருவாங்க."

நஞ்சுண்டன் அம்மாவின் போனில் அதைப் போட்டுக் கொடுத்தான். சாந்தாமணி அம்மாளுக்குப் பிடித்துவிட்டது. சனிக்கிழமைகளில் பேச ஒரு விஷயம் கிடைத்தது. "அந்த டாக்டரு பையன் பாவம் அம்மிணி, ஒரு வா சோறு நேரத்துக்குத் திங்கறானா பாரு," என்பார். கோகிலா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவாள். நான்காவது எபிசோடைச் சொல்லி அழுதார். "பெத்தவளுக்குத் தெரியாதா, மூஞ்சி எப்படியிருந்தா என்ன," என்றார். இரண்டு வாரத்தில் சொல்லிவிடுவது என்று நாள் குறித்தோம்.

அந்த இரண்டு வாரத்தில் அவர் மேலே பார்த்துக்கொண்டே போனார். நாங்கள் பார்க்கவில்லை. நான் அதை உட்கார்ந்து பார்த்தது எல்லாம் நடந்து முடிந்த பிறகு. ஏழாவது எபிசோடில் ஒரு கம்பெனி முதலாளி மனைவியைக் கொன்றுவிடுகிறான். வேறொரு பெண்ணுக்கு மனைவியின் சாயலில் முகம் செய்ய வைத்து வீட்டில் உட்கார்த்துகிறான். அவள் அந்தக் குழந்தைக்குத் தலை வாரிவிடுகிறாள். மனைவியின் அம்மாவோடு போனில் மட்டும் பேசுகிறாள். உடம்பு சரியில்லை, தொண்டை கட்டியிருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறாள். கடைசியில் துப்பறிவாளர் அவளைக் காதை வைத்துக் கண்டுபிடிக்கிறார். முகத்தை மாற்றுகிறவர்கள் காதை விட்டுவிடுவார்களாம்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. கோகிலா தலைக்குக் குளித்து, பொட்டு வைத்து, பச்சைச் சேலை கட்டியிருந்தாள். லேப்டாப்பை உணவு மேசையில் வைத்து ஜெயபிரகாஷ் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் கேமராவில் படாமல் அடுப்படிப் பக்கம் நின்றிருந்தேன். அந்தப் பக்கம் சாந்தாமணி அம்மாளும் நஞ்சுண்டனும்.

"அத்தே, பயப்படாமக் கேளுங்க. கோகிலாவுக்கு ஒரு ஆக்சிடென்ட் ஆச்சுங்க. இப்ப நல்லா இருக்கறா. மூஞ்சில மட்டும் கொஞ்சம் சர்ஜரி…" என்றபடியே ஜெயபிரகாஷ் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"அம்மா," என்றாள் கோகிலா.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"மாப்ள, இது யாருங்க?"

"நாந்தாம்மா."

"நீங்க இருங்க. மாப்ளகிட்டப் பேசறேன். எப்ப ஆச்சுங்க மாப்ள ஆக்சிடென்ட்டு?"

"இருபத்திரண்டு அக்டோபர்லீங்க அத்தே."

"ரெண்டே கால் வருசம். அவங்கய்யன் சாகறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமாங்க. மாமாவுக்கு ஒடம்பு முடியலைன்னுதான்…"

"அப்ப இத்தனை நாளா எங்கூடப் பேசுனது ஆரு?"

"அம்மா, நாந்தாம்மா பேசுனேன்!" கோகிலாவுக்கு உணர்ச்சி மிகும்போது அந்த மூக்குக் குரல் இன்னும் கூடுதலாகும். அவளுக்கே அது தெரிந்தது. தொண்டையைச் செருமினாள்.

"தலமுடிய ஒதுக்கிக் காதக் காட்டுங்க," என்றார் அந்த அம்மாள்.

கோகிலா சிரித்தேவிட்டாள். இது ஒரு விளையாட்டு, தேறிவிடலாம் என்று நினைத்தாள் போல. முடியை ஒதுக்கி வலது காதைக் காட்டினாள்.

"இது இல்லீங்க. எடது."

அவள் கை பாதியில் நின்றது. இடது காது விலாவின் குருத்தெலும்பில் செய்தது. நன்றாகத்தான் செய்திருந்தார்கள். தோடு போட ஓட்டை மட்டும் கிடையாது.

"எம்புள்ளைக்கு எடது காதுல ரெண்டு தொளை," என்றார் சாந்தாமணி அம்மாள், யாரிடம் என்றில்லாமல். "மொதல்ல குத்துனது கீழ எறங்கிப்போச்சுன்னு மறுக்காக் குத்துனது. நான்தான் மடில வெச்சிருந்தேன்." பிறகு ஜெயபிரகாஷைப் பார்த்து, "எம்புள்ளைய என்னங்க பண்ணுனீங்க?" என்று கேட்டார்.

திரை அணைந்தது.

ஆஸ்பத்திரித் தாள்கள், எக்ஸ்ரே, விபத்தன்று போலீஸ் எழுதிய ரிப்போர்ட் எல்லாவற்றையும் அனுப்பினார்கள். நஞ்சுண்டன் அழுதான், நம்பினான். "என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்லக்கா," என்றான். அம்மாவிடம் அவன் பேச்சு எடுபடவில்லை. அடுத்த வாரம் அவனே ஓர் ஏற்பாடு செய்தான். அம்மா எது வேண்டுமானாலும் கேட்கட்டும், அக்கா பதில் சொல்லட்டும். சாந்தாமணி அம்மாள் அரைமணி நேரம் கேட்டார். பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியார் அடித்தார், பண்ணாரி கோயிலில் எந்த வருடம் செருப்பு தொலைந்தது, பெரியத்தை வீட்டில் எதற்குச் சண்டை. கோகிலா ஒன்று விடாமல் சொன்னாள். கேட்காததையும் சொன்னாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது," என்றார் கடைசியில். "அவ உசுரோட இருக்கறப்பவே கேட்டு எழுதி வெச்சிருப்பீங்க."

அதன் பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

மே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கோகிலா வீட்டு வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். ஒரு பெண், ஓர் ஆண். ஈரோட்டில் கலெக்டரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் சாந்தாமணி அம்மாள் எப்போதோ கொடுத்த மனு எங்கெங்கோ சுற்றி, தூதரகம் வழியாக அங்கே வந்து சேர்ந்திருந்தது. வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். நலம் விசாரிக்க வந்தோம் என்றார்கள். ஜெயபிரகாஷ் எனக்கு போன் செய்தபோது அவன் சொன்னது எனக்குப் பாதி புரியவில்லை. ஓடினேன்.

பெண் போலீஸ் கையில் கோகிலாவின் ஓட்டுநர் உரிமம் இருந்தது. புதுப்பிக்க இன்னும் காலம் இருந்ததால் அதில் பழைய வட்ட முகம். அவர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கோகிலா சுவரோடு நின்றிருந்தாள். ஜெயபிரகாஷ் கொலைகாரன் என்று எங்காவது ஒரு வரி பதிவாகிவிட்டால் விசா என்ன ஆகும், கிரீன் கார்டு வரிசை என்ன ஆகும், பிள்ளையை என்ன செய்வார்கள்? எல்லோர் மனத்திலும் அதுதான் ஓடியது. ஜெயபிரகாஷ் ஆஸ்பத்திரிக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

பெண் போலீஸ் வெண்பாவின் உயரத்துக்குக் குனிந்து, மெதுவாகக் கேட்டார். இது யார்?

"மை மாம்," என்றாள் வெண்பா. அட்டையைச் சுட்டி, "தட்'ஸ் ஆல்ஸோ மை மாம்," என்றாள்.

தாள்களைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதோடு அந்த விவகாரம் முடிந்தது. ஜெயபிரகாஷுக்கு மட்டும் முடியவில்லை. ஒவ்வொரு காரும் வீட்டுக்கு முன்னால் வேகம் குறைக்கும்போது திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பான்.

"கெளம்பிருவோம், என்ன ஆனாலும் சரி," என்று கோகிலா ஜூனில் டிக்கெட் போட்டாள். திரும்பி வர விசா கிடைக்காவிட்டால் அங்கேயே இருந்துவிடுவதாகச் சொன்னாள். ஜெயபிரகாஷ் தடுக்கவில்லை. தடுத்தது நஞ்சுண்டன்.

"அக்கா, வராதே. அந்தப் பொம்பள வாசல மிதிச்சா உரக்கடையில இருக்கற மருந்த எடுத்துக் குடிச்சிருவேங்கறாங்க. சும்மா சொல்லல. ஒரு டப்பா எடுத்து அரிசிப் பானைக்குள்ள வெச்சிருந்தாங்க. நான் பாத்து எடுத்துட்டேன்."



"இன்னொண்ணு," என்றான் அவன். "போன வாரம் பவானி கூடுதுறைக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. அப்பாவுக்குன்னுதான் நெனச்சேன். அங்க போயி ஐயர்கிட்ட உம்பேரச் சொல்றாங்கக்கா. நான் தடுக்கப் போனேன். ஆத்துல எறங்கிட்டாங்க. என்ன பண்ணட்டும் நானு?"

அவளுக்குத் திதி கொடுத்தாகிவிட்டது. கூடத்தில் மாரிசாமியின் படத்துக்குப் பக்கத்தில் அவளுடைய கல்லூரிக் காலப் படமும் மாலையோடு மாட்டியாகிவிட்டது. டிக்கெட்டை ரத்து செய்தாள். கோடை முழுவதும் அவள் வீட்டில் ஜன்னல் திறந்து நான் பார்க்கவில்லை. கார் ஓட்டுவதையும் விட்டுவிட்டாள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, வெண்பாவைப் பாட்டு வகுப்புக்கு அழைத்துப்போக நான் வந்திருந்தேன். வெண்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேசை மேல் இருந்த கோகிலாவின் போன் ஒலித்தது. திரையில் "அம்மா" என்று வந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு. யாரும் கை நீட்டுவதற்குள் வெண்பா எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"வெண்பாக் கண்ணு," என்றது குரல். இளைத்துப்போயிருந்தது. "சாப்புட்டியா சாமி?"

"யெஸ்."

"என்ன சாப்புட்ட?"

"பான்கேக்."

"ஆரு சுட்டுக் குடுத்தாங்க?"

வெண்பா தன் அம்மாவைப் பார்த்தாள். "அம்மா."

பின்னணியில் பஸ் ஹாரன் கேட்டது.

"அது உன்னய அடிக்குதா சாமி?"

"நோ! வொய் வுட் ஷீ?"

"அதுகிட்டப் போனக் குடு."

ஜெயபிரகாஷ் மாடிப்படியில் நின்றிருந்தான். வேண்டாம் என்று தலையசைத்தான். கோகிலா கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"ஏனுங்க," என்றார் சாந்தாமணி அம்மாள். "கேக்குதுங்களா?"

"கேக்குதும்மா…"

"அப்படிக் கூப்புடாதீங்க." குரலில் கோபமில்லை. "நீங்க ஆரு, என்ன பேரு, எனக்கு வேண்டாம். உங்கமேல கேசு போட்டேன், ஒண்ணும் நடக்கல. இனி நடக்கவும் வேண்டாம். எம்பேத்திக்கு ஒரு வாய் சோறு போடறீங்க. தலை சீவி விடறீங்க. அது போதும். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். சொல்லுவீங்களா?"

"கேளுங்க."

"எம்புள்ளைய நீங்க கடசியாப் பாத்தீங்களா?"

ஜெயபிரகாஷ் இறங்கி வந்துவிட்டான். போனுக்குக் கேட்காதபடி அவள் காதருகில் கிசுகிசுத்தான். "கோகிலா, வையி. ரெக்கார்டு பண்றாங்களோ என்னமோ. நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். நம்ம பேப்பர் பெண்டிங்ல இருக்குது. ப்ளீஸ்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தடுத்திருக்கலாம். ஆஸ்பத்திரிக் காபி மெஷின் பக்கத்தில், சொல்லாதீங்க என்று முதலில் ஆரம்பித்து வைத்தவள் நான். தடுக்கவில்லை.

"பாத்தேனுங்க," என்றாள்.

"எங்க?"

"ரோட்லீங்க. சிக்னல்ல பச்ச விழுந்துச்சுங்க. அவங்க வண்டிய எடுத்தாங்க. பக்கவாட்டுல ஒரு டிரக்கு வந்துச்சுங்க. அவங்க அதப் பாத்தாங்க. பாத்துட்டு, பின்னாடி சீட்ல கொழந்தைக இல்லைன்னு ஒருக்காத் திரும்பிப் பாத்தாங்க. அதுக்குள்ள இடிச்சிருச்சுங்க."

இதை அவள் எங்களிடம் சொன்னதே இல்லை. மூன்று வருடமாக யார் கேட்டாலும் நினைவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒடனே போயிட்டாளுங்களா?"

"இல்லீங்க. நேரமாச்சுங்க. கண்ணாடியெல்லாம் மூஞ்சிக்குள்ள இருந்துச்சு. மூச்சு விட்டா ரத்தந்தான் வந்துச்சு. கதவு தெறக்கல. வெளிய ஒருத்தர் ஸ்டே வித் மீ, ஸ்டே வித் மீன்னு கத்திக்கிட்டே இருந்தாரு."

"வலிச்சுதுங்களா அவளுக்கு?"

"வலிச்சுதுங்க," என்றாள் கோகிலா. "ரொம்ப வலிச்சுதுங்க. யார்கிட்டயும் சொல்ல முடியலீங்க."

"ஆரையாவது கூப்புட்டாளா?"

"உங்களத்தாங்க கூப்புட்டாங்க. வாயி தொறக்க முடியல. ஆனா உங்களத்தான் கூப்புட்டாங்க."

அந்தப் பக்கம் முதலில் மூச்சு இழுக்கும் சத்தம். பிறகு அழுகை வந்தது. மாரிசாமியின் சாவு வீட்டில் வராத அழுகை, கூடுதுறை ஆற்றில் வந்ததோ என்னவோ தெரியாத அழுகை. ராகமில்லாமல், நடுவில் இருமிக்கொண்டு, வெகு நேரம் அழுதார். வெண்பா தட்டை விட்டு எழுந்து வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கோகிலா அழவில்லை. எதிர்முனையில் இருந்தவரின் அழுகையில் ஒரு துளியும் தவறிவிடக்கூடாது என்பதுபோலப் போனை நோக்கிக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெயபிரகாஷ் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

கடைசியில் அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சினார்.

"எங்கிட்ட ஒருத்தரும் இதச் சொல்லலீங்க," என்றார். "எல்லாரும் தாளு தாளாக் காட்டுனாங்க. நீங்கதான் சொன்னீங்க. அவளப்பத்திப் பேச இங்க எனக்கு ஆளில்ல. நஞ்சுண்டங்கிட்டப் பேசுனா அவ உசுரோட இருக்கறாங்கறான். பைத்தியக்காரன்."

"ம்."

"அடுத்த சனிக்கெழமையும் கூப்புட்டா எடுப்பீங்களா? சின்னப்புள்ளையில அவ எப்படி இருப்பான்னு சொல்றேன். பேத்திகிட்டச் சொல்றதுக்காச்சும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணுமல்ல?"

"எடுக்கறேனுங்க," என்றாள் கோகிலவாணி. "சொல்லுங்க. கேட்டுக்கறேன்."